முதல் பெயர், 11 மாதம்: ஹோர்ன்-ஃபிரான்சிஸ் நார்த் மெல்பர்னை விட்டுப் போன கதை

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் தேசிய லீகான ஏஎஃப்எல்லில், கிளப்புகள் புதிய இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2021 நவம்பர் டிராஃப்டில் நார்த் மெல்பர்ன் கிளப் வாசித்த முதல் பெயர் ஜேசன் ஹோர்ன்-ஃபிரான்சிஸ். அப்போது அவருக்கு வயது 18. நாடு முழுவதிலுமிருந்து வந்த பையன்களில் முதலில் எடுக்கப்பட்டவர் இவர்தான். அடுத்த அக்டோபரில் அவர் போர்ட் அடிலெய்டின் சட்டையை மாட்டியிருந்தார். நடுவில் 11 மாதம்கூட முழுசாக ஓடவில்லை.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை, அதாவது ஊரில் ஃபுட்டி என்று சொல்லும் ஆட்டத்தை, ஓரளவு பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். பெரும்பாலும் கெட்ட பெயராகத்தான் தெரியும். திமிர் பிடித்தவன், தோற்கும் அணியில் தாக்குப்பிடிக்காதவன், பாதியில் கழன்றுகொண்டவன் என்று பட்டங்கள் வரிசையாகக் கிடைத்தன. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த 11 மாதத்தைப் புரிந்துகொள்ள பையனின் குணத்தை ஆராய்வதைவிட ஏஎஃப்எல்லின் டிராஃப்ட், ஒப்பந்தம், டிரேட் (கிளப்புகள் தங்களுக்குள் வீரர்களையும் தேர்வுகளையும் மாற்றிக்கொள்ளும் பேரம்) ஆகிய மூன்றும் எப்படிப் பூட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்ப்பது அதிகம் உதவும்.

அவர் வந்த இடத்திலிருந்து தொடங்கலாம். அடிலெய்டு நகரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய புறநகர்ப் பகுதி. அங்கே உள்ள கிளப் சவுத் அடிலெய்ட், மைதானம் நோர்லங்காவில். தென் ஆஸ்திரேலிய மாநில லீகில் கடைசியாக 1964இல் கோப்பை வென்ற கிளப் அது. ஹோர்ன்-ஃபிரான்சிஸ் 2020லேயே, 17 வயதில், அதன் சீனியர் அணியில் ஆடினார். மாநில லீக் என்றால் வார நாளில் தச்சு வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் போய்விட்டு சனிக்கிழமை மோதும் முழு வளர்ச்சி அடைந்த ஆண்களின் ஆட்டம். டிராஃப்டுக்கு வரும் பையன்களில் பலர் தங்கள் வயதுக்காரர்களோடு மட்டுமே ஆடிவிட்டு வருவார்கள். இவர் பெரியவர்களின் இடுப்பில் மோதி பந்தை எடுத்துப் பழகியவர். தெரிவுக் குழுக்கள் இவரை முதலிடத்தில் வைக்க அது முக்கியக் காரணம். உடல் தயாராக இருந்தால் மனமும் தயார் என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளவும் அதுவே காரணமாயிற்று.

வீட்டிலும் ஃபுட்டிதான். வளர்ப்புத் தந்தை ஃபேபியன் ஃபிரான்சிஸ், போர்ட் அடிலெய்ட் ஏஎஃப்எல்லில் நுழைந்த 1997ஆம் ஆண்டு அணியில் ஆடியவர். டிராஃப்ட் நடந்த அந்த ஆண்டில்தான் ஜேசன் ஹோர்ன் என்ற பெயரோடு அவருடைய குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பின்னால் போர்ட் அடிலெய்ட் என்ற பெயர் அடிபட்டபோது அது வானத்திலிருந்து குதித்ததல்ல.

இனி டிராஃப்ட். ஏஎஃப்எல்லில் அப்போது 18 கிளப். கடைசி இடத்தில் முடித்த கிளப் முதலில் தேர்ந்தெடுக்கும். பையனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர், எவ்வளவு சம்பளம் எதையும் அவன் தீர்மானிப்பதில்லை. சம்பளம் வீரர் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள அட்டவணைப்படி வரும். அதற்கு மேல் ஆடிய ஆட்டத்துக்கு ஆட்டம் தனித் தொகை. ஒப்பந்தக் காலம், அப்போதைய விதிப்படி, எல்லோருக்கும் 2 ஆண்டு. ஆக, நாட்டிலேயே சிறந்த 18 வயதுப் பையனை நாட்டிலேயே மோசமான அணிக்கு, சில நேரம் வேறு மாநிலத்துக்கு, 2 ஆண்டுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு இது. அணிகளைச் சமப்படுத்த இது நல்ல வழி. பையனுக்கு நல்ல வழியா என்பதை இந்த அமைப்பு கேட்டுக்கொள்வதே இல்லை.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 2021 டிராஃப்டின் முதல் நான்கு பெயர்கள்: ஹோர்ன்-ஃபிரான்சிஸ், சாம் டார்சி, ஃபின் கல்லகன், நிக் டேகோஸ். இவர்களில் டார்சியும் டேகோஸும் தந்தை–மகன் விதியில் வந்தவர்கள். தந்தை ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனை அந்த கிளப் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். வேறு கிளப் அவன் பெயரைச் சொன்னதும் புள்ளிக் கணக்கில் அதற்கு ஈடு கட்ட வேண்டும், அவ்வளவுதான். அன்றைய அட்டவணையில் 1ஆவது தேர்வுக்கு 3,000 புள்ளி, 2ஆவதற்கு 2,517, 3ஆவதற்கு 2,234, 4ஆவதற்கு 2,034 என்று இறங்கிக்கொண்டே போகும். டேகோஸின் பெயரை கோல்ட் கோஸ்ட் 4ஆவதாகச் சொன்னது. காலிங்வுட் 20 சதவீதத் தள்ளுபடி போக 1,627 புள்ளியை, பின் வரிசைத் தேர்வுகள் சிலவற்றைக் கூட்டிக் கட்டிவிட்டு அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு தன்னுடைய முதல் சுற்றுத் தேர்வைக்கூட அது முன்பே கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குக் கொடுத்துவிட்டிருந்தது. சில்லறை கொடுத்து மாளிகை வாங்கிய கதை.

பலன் என்ன? அப்பா 250 ஆட்டம் ஆடிய கிளப்பில், வளர்ந்த நகரத்திலேயே, வீட்டுச் சோற்றோடு டேகோஸ் முதல் ஆண்டைத் தொடங்கினார். அந்த ஆண்டு சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருதும் அவருக்கே. ஹோர்ன்-ஃபிரான்சிஸுக்கோ வீடு 700 கிலோமீட்டருக்கு அப்பால், கிளப்போ அட்டவணையின் அடியில். 2022 முழுக்க இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீட்டில் பாதி நியாயம்கூட இல்லை.

நார்த் மெல்பர்ன் அப்போது இருந்த நிலையையும் சொல்லியாக வேண்டும். 1975, 1977, 1996, 1999 என நான்கு கோப்பை வென்ற பழைய கிளப். 2020இல் 17ஆவது இடம், 2021இல் 18ஆவது, 2022இலும் 18ஆவது. 2022இல் 22 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டே இரண்டு. மூன்றாவது வாரத்திலேயே பிரிஸ்பேனிடம் 108 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. அதன் பிறகு பயிற்சியாளர் டேவிட் நோபிள் வீரர்களைக் கடுமையாகத் திட்டியதும், பின்னர் அவர்களிடம் வருத்தம் தெரிவித்ததும் செய்தியாயிற்று. ஜூலையில் நோபிள் போனார். லீ ஆடம்ஸ் இடைக்காலப் பொறுப்பேற்றார். ஆகஸ்டில் அலஸ்டர் கிளார்க்சன் அடுத்த ஆண்டிலிருந்து வருவார் என்று அறிவிக்கப்பட்டது. நடுக்களத்தின் தூண் பென் கன்னிங்டன் புற்றுநோய் சிகிச்சையில் இருந்ததால் ஆண்டின் பெரும்பகுதி ஆடவில்லை. ஒரு பையன் வீட்டைவிட்டு வந்த முதல் ஆண்டில், அவனை வரவேற்ற தலைமைப் பயிற்சியாளர் ஆண்டு முடியுமுன் இல்லை. அவனுக்கு அருகில் நின்று முட்டுக்கொடுக்க வேண்டிய மூத்தவரும் களத்தில் இல்லை.

களத்தில் இது எப்படித் தெரியும் என்று ஒரு கணத்தைப் பிடித்துப் பார்ப்போம். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடு மைதானத்துக்கு வரும். நடுவிலுள்ள சதுரத்துக்குள் அணிக்கு 4 பேர் மட்டுமே நிற்கலாம். அன்றைய வழக்கப்படி நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழும்பவிடுவார். இரண்டு நெடிய வீரர்கள் எகிறி, கையால் தட்டுகிறார்கள். கீழே நிற்கும், அணிக்கு மூன்று மிட்ஃபீல்டர்கள் (நடுக்கள ஆட்டக்காரர்கள்) அந்தத் தட்டல் எங்கே விழும் என்று அரை நொடிக்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஹோர்ன்-ஃபிரான்சிஸின் பலம் இங்கேதான். கூட்டத்துக்குள் பந்தை எடுத்த கையோடு முதல் நான்கைந்து அடியில் வெடித்து வெளியே வருவார். தோளில் தொங்குபவரை உதறுவார். உயரத்தில் வரும் பந்தைத் தலைக்கு மேல் பிடிக்கவும் தெரியும். அவர் உயரமுள்ள மிட்ஃபீல்டரிடம் அது அபூர்வம்.

ஆனால் அவருடைய இந்த ஆட்டம் முன்னோக்கிப் பாய்வதைப் பற்றியது. தட்டலில் எதிரணி ஜெயித்தால் அடுத்த நொடியே திரும்பி, தன் ஆளைத் துரத்தி ஓட வேண்டும். நல்ல அணியில் ஒரு மிட்ஃபீல்டர் முன்னே பாய்ந்து ஏமாந்தால் பின்னால் இன்னொருவர் அடைப்பார். மோசமான அணியில் அடைக்க ஆள் இல்லை. அங்கே கோல் விழுகிறது. பந்து மறுபடி நடுவுக்கு வருகிறது. அதே எட்டுப் பேர் மறுபடி நிற்கிறார்கள். ஒரு மாலையில் 15, 20 தடவை இப்படி. வாழ்க்கையில் தோற்றே பழகாத 18 வயதுக்காரன் 15ஆவது தடவையில் கையை விரிக்கிறான், தோழனைப் பார்த்து முகம் சுளிக்கிறான். கேமரா அதைத் தவறவிடுமா? அந்த ஆண்டு அவருடைய உடல்மொழியைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு அவருடைய ஆட்டத்தைப் பற்றிப் பேசப்படவில்லை. மொத்தம் 17 ஆட்டம் ஆடினார். முதல் ஆண்டுப் பையனுக்கு அது குறைவில்லாத எண்ணிக்கை என்பதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவர் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆட்டத்துக்குப் பிந்தைய உடல் மீட்பு விஷயத்தில் எதிர்பார்த்த ஒழுங்கு இல்லை என்று கிளப் அவரை ஒரு கட்டத்தில் இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தோன்றும். உள்ளே அப்படியில்லை. ஒரு மிட்ஃபீல்டர் ஓர் ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் கணிசமான பகுதி முழு வேக ஓட்டம். இடையில் எத்தனையோ மோதல். மறுநாள் காலை நீச்சல் குளம், குளிர்நீர்த் தொட்டி, மசாஜ், தசை இறுக்கச் சோதனை, தூக்கமும் வலியும் எப்படி என்று எழுதிக் கொடுக்கும் படிவம் எல்லாம் உண்டு. அடுத்த மூன்று நாளில் யாருக்கு எவ்வளவு ஓட்டம் கொடுக்கலாம் என்று உடற்பயிற்சிக் குழு இதை வைத்துத்தான் திட்டமிடுகிறது. ஒருவர் அதைத் தட்டிக்கழித்தால் தொடைத்தசை கிழிகிற வாய்ப்பு அவருக்கு மட்டும் கூடுவதில்லை; வாரத் திட்டமே குலையும். தோற்றுக்கொண்டிருக்கும் கிளப்பில் கூடுதலாக இன்னொன்றும் உண்டு. அங்கே மிச்சமிருக்கும் ஒரே கௌரவம் ஒழுங்குதான். முதல் தேர்வே அதை மீறினால் கண்டுகொள்ளாமல் விட முடியாது. அனுப்பியது சரி என்றே படுகிறது.

இனி ஒப்பந்தம். இரண்டு ஆண்டு என்று காகிதத்தில் இருந்தாலும் நடப்பில் அது ஓராண்டுதான். முதல் ஆண்டு ஏப்ரல், மே மாதத்திலேயே கிளப் நீட்டிப்புப் பேச்சைத் தொடங்கும். பையன் கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஹோர்ன்-ஃபிரான்சிஸ் பேச்சை ஆண்டு முடியும்வரை தள்ளிவைத்தார். அன்றிலிருந்து அவர் அடிலெய்டுக்குப் போனாலும் செய்தி, போகாவிட்டாலும் செய்தி.

இங்கேதான் ஏஎஃப்எல்லின் ஒரு விசித்திர விதி உள்ளே வருகிறது. அமெரிக்க லீகுகளில் ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை கிளப் நினைத்தால் வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். ஏஎஃப்எல்லில் ஒப்பந்த வீரரை மாற்ற மூன்று சம்மதம் வேண்டும்: அவருடையது, இருக்கும் கிளப்புடையது, போகும் கிளப்புடையது. அப்படியென்றால் 2022 அக்டோபரில் நார்த் மெல்பர்ன் ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் 2023 முழுக்க அங்கேதான் இருந்திருக்க வேண்டும். பலரும் கேட்ட கேள்வி இது: ஏன் சொல்லவில்லை?

கணக்கைப் போட்டால் பதில் கிடைக்கும். ஒப்பந்தம் இன்னும் ஓராண்டு மிச்சமிருக்கும்போது கிளப்பின் கையில் பலம் இருக்கிறது. அந்த ஓராண்டும் தீர்ந்துபோனால் அவர் ஒப்பந்தம் இல்லாத வீரர். போர்ட் அடிலெய்ட் கொடுப்பதைக் கொடுக்கும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பேச்சு முறிந்தால், ஒப்பந்தம் இல்லாத வீரர்களைக் கிளப்புகள் எடுத்துக்கொள்ளும் ப்ரீ-சீசன் டிராஃப்ட் வழியாக ஒன்றுமே தராமல் அவர் நழுவவும் வாய்ப்பு உண்டு. விருப்பமில்லாதவரை ஓராண்டு கட்டிவைப்பதற்கு விலை என்னவென்று பார்த்தால், அவரே சந்தையில் இழக்கும் மதிப்புதான். தவிர, புதிய பயிற்சியாளர் வரும் முதல் நாளே இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு நிற்க எந்த நிர்வாகமும் விரும்பாது.

டிரேடும் சாதாரண டிரேட் இல்லை. நான்கு கிளப் சேர்ந்த கூட்டுப் பேரம். போர்ட் அடிலெய்டுக்கு ஹோர்ன்-ஃபிரான்சிஸும், வெஸ்ட் கோஸ்டிலிருந்து ரியோலி என்ற வீரரும். கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு, நார்த் கையிலிருந்த 2022 டிராஃப்டின் 1ஆவது தேர்வு. வெஸ்ட் கோஸ்டுக்கு 8ஆவதும் 12ஆவதும். நார்த் மெல்பர்னுக்கு 2ஆவதும் 3ஆவதும், கூடவே போர்ட்டின் 2023 முதல் சுற்றுத் தேர்வும். பின் வரிசைத் தேர்வுகளும் கை மாறின; அவற்றை விட்டுவிடலாம்.

நார்த்தின் பக்கத்தை மட்டும் புள்ளியில் எழுதிப் பார்ப்போம். உள்ளே வந்தது 2,517 கூட்டல் 2,234, ஆக 4,751. வெளியே போனது 1ஆவது தேர்வின் 3,000. மிச்சம் 1,751. அட்டவணையைப் புரட்டினால் அது அச்சு அசலாக 6ஆவது தேர்வின் மதிப்பு. அதாவது ஹோர்ன்-ஃபிரான்சிஸுக்குக் கிடைத்த விலை ஒரு 6ஆவது தேர்வும், அடுத்த ஆண்டின் ஒரு முதல் சுற்றுத் தேர்வும். போர்ட் 2023இல் நன்றாக ஆடியதால் அந்த இரண்டாவது சமாச்சாரம் சுற்றின் பின்பகுதிக்குத் தள்ளப்பட்டது. அப்படியும் இரண்டையும் கூட்டினால் ஓராண்டுக்கு முன் அவருக்காகச் செலவழித்த 3,000க்கு அருகில்தான் வருகிறது. பட்ட அவமானத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் நார்த்துக்குக் கிட்டத்தட்ட முதல் திரும்பிவிட்டது. அந்த இரண்டு தேர்வில் வந்தவர்கள் ஹேரி ஷீசல், ஜார்ஜ் வார்ட்லா. ஷீசல் 2023இல் ரைசிங் ஸ்டார் விருதையும், முதல் ஆண்டிலேயே கிளப்பின் சிறந்த வீரர் பதக்கத்தையும் வாங்கினார்.

6ஆவது தேர்வு என்றதும் பழைய ஆட்கள் புருவம் உயர்த்துவார்கள். முதல் தேர்வாக வந்து ஒரே ஆண்டில் கிளம்பிய இன்னொருவர் டாம் பாய்ட். 2013இல் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அவரை எடுத்தது. 9 ஆட்டம் ஆடினார். 2014 அக்டோபரில் மெல்பர்னில் உள்ள வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போனார். மாற்றாகப் போனது புல்டாக்ஸின் கேப்டன் ரயன் கிரிஃபன், கூடவே 6ஆவது தேர்வு. பாய்ட் 2016 இறுதி ஆட்டத்தில் 3 கோல் அடித்து புல்டாக்ஸின் 62 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தார். 2019இல் 23 வயதில் ஓய்வு பெற்றார். அவர்மீதும் அழுத்தம் இருந்தது, ஆனால் அது பெரும்பாலும் சம்பளத் தொகையைச் சுற்றி. ஹோர்ன்-ஃபிரான்சிஸுக்கு நேர்ந்தது அரங்கக் கூச்சல்.

2023இல் போர்ட் அடிலெய்ட் எங்கே போனாலும் அவர் பந்தைத் தொட்டால் எதிரணி ரசிகர்கள் ‘பூ’ என்று ஊளையிட்டார்கள். ஹோபார்ட்டில் நார்த் மெல்பர்னை எதிர்த்து ஆடியபோது அது எதிர்பார்த்ததே. ஆனால் அவரோடு எந்த வழக்கும் இல்லாத கிளப்புகளின் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். போகும் வீரரைத் துரோகி என்று ஏசுவது இந்த ஆட்டத்தில் பழைய வழக்கம். 20 வயதுகூட ஆகாதவர்மேல் மாநிலம் மாநிலமாக அது தொடர்ந்ததுதான் புதிது. தான் தேர்ந்தெடுக்காத கிளப்பை விட்டுப் போனவரை எந்தக் கணக்கில் துரோகி என்பது என்று யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

போர்ட் செய்தது பேச்சு இல்லை, இட ஏற்பாடு. கானர் ரோஸி, ஸாக் பட்டர்ஸ், லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை 2021இல் வென்ற ஆலி வைன்ஸ் ஆகியோர் இருந்த நடுக்களத்தில் அவரை நாலாவது ஆளாகச் சேர்த்தது. எதிரணி தன் சிறந்த தடுப்பு ஆளை யாரோடு ஒட்டவிடும்? ரோஸியோடு அல்லது பட்டர்ஸோடு. இவருக்குக் கைகால் நீட்ட இடம் கிடைத்தது. மூச்சு வாங்கும் நேரத்தில் கோலுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள். தலைக்கு மேல் பிடிக்கும் திறமை அங்கே வீணாகவில்லை. நார்த்தில் பின்னோக்கித் துரத்துவதிலேயே தீர்ந்த சக்தி இங்கே முன்னோக்கிச் செலவானது. அந்த ஆண்டு போர்ட் தொடர்ந்து 13 ஆட்டம் ஜெயித்து, லீக் சுற்றில் 3ஆவதாக முடித்தது. பிறகு இறுதிச் சுற்றில் இரண்டு ஆட்டத்திலும் தோற்று வெளியேறியது. 2024இல் 2ஆவதாக முடித்து, இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி முன்பு வரை போய் சிட்னியிடம் தோற்றது. உடல்மொழி பற்றிய பேச்சு மெல்ல மெல்லக் காணாமல் போனது. அவர் கையை விரிப்பதை நிறுத்திவிட்டார் என்பதல்ல. ஜெயிக்கும் அணியில் அதே கைவிரிப்பை ‘வெறி’ என்கிறார்கள்.

லீக் இதில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. 2023இல் முடிவான புதிய கூட்டு ஒப்பந்தத்தில், முதல் சுற்றில் தேர்வாகும் வீரர்களின் தொடக்க ஒப்பந்தம் 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக நீண்டது. கீழிடத்து கிளப்புகள் வெகுநாளாகக் கேட்டது அது. மூன்று சம்மத விதியில் யாரும் கை வைக்கவில்லை. எனவே வேறு மாநிலத்திலிருந்து வந்த முதல் தேர்வு ஒருவர் நீட்டிப்பில் கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்ற பேச்சு இனி முதல் ஆண்டு மே மாதத்தில் தொடங்காது. இரண்டாம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கும்.